எதிரித் தளபதிக்கு ஒரு ‘வாங்க’

வெள்ளைக் கார் ஒன்று எங்கள் தென்னந்தோப்புப் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கேசரியின் நெய் மணம் வீடு முழுக்கப் பரவியிருந்தது.

காரிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா. உடுமலைப் பக்கத்துக்காரர். வேட்டியை உதறிச் சரிசெய்துகொண்டார். பின்னால் அவர் மனைவி பூக்கூடையோடு இறங்கினார். கடைசியாக மாப்பிள்ளைப் பையன் இறங்கி, கார் கதவைத் தேவைக்கு அதிகமாகவே மெதுவாகச் சாத்தினான்.

பையனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் மகள் தாரணியோடு, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், ஆளுக்கொரு பக்கம் வீட்டில் சொல்லி, இந்த நாள்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நாங்கள் பார்த்திருந்தால்கூட இவ்வளவு தோதான இடம் அமைந்திருக்காது.

என் கவலையெல்லாம் வாசலில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் பழனிச்சாமியைப் பற்றித்தான். வந்தவர்களைப் பார்த்து அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘வாங்க.’

அந்த வார்த்தையை அவர் சொல்லி ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது.

வாசற்படி வழக்கம்

இதில் என்ன பெரிய விஷயம் என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். நீங்கள் மீனாட்சிபுரத்துக்கு வந்து பார்க்க வேண்டும். நாங்கள் இருப்பது கேரளத்தில். ரேஷன் கார்டும் பஞ்சாயத்து நோட்டீசும் மலையாளத்தில் வரும். ஆனால் பேச்சும் முறையும் அப்படியே கோயமுத்தூர்ப் பக்கத்தோடு ஒட்டியவை.

எங்கள் ஆட்களில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படிக்கு முன்னால் ஒரு நொடி தயங்கி நிற்பார்கள். வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்கள். சொல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். வரப்புச் சண்டையில் வருடக்கணக்காக முகம் பார்க்காத அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். ஏதோ அவசரத்துக்குத் தம்பி வாசலுக்கு வந்துவிட்டால், அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது ‘வா’ என்று சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம். எழவு வீட்டில். அங்கே வருகிறவர்களை யாரும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. வந்தவரும் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போவார்.

அதனால் ஒரு வீட்டின் ஆண்பிள்ளை வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றால், வருகிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் இருபது வருடமாக அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவருக்கும் சேர்த்து ‘வாங்க வாங்க’ என்று கத்திச் சமாளித்தவள். தபால்காரர் வந்தால்கூடக் கரண்டியோடு ஓடுவேன். என் முழங்கால் வலிக்கு டாக்டர் என்னென்னவோ காரணம் சொல்கிறார். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

காற்றுக்குள் வந்த சினிமா

இத்தனைக்கும் காரணம் ஒரு சினிமா.

‘கணவாய்க் காவலன்’ என்ற படத்தை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து அடுத்த வெள்ளிக்கிழமை காணாமல்போன படம் அது.

தாரணி அப்போது முன்பற்கள் விழுந்து ஓட்டை வாயோடு திரிந்த வயசு. ஒரு கோடையில் பெருமாட்டிப் பக்கம் தரிசாகக் கிடந்த ஒரு காட்டில் லாரி லாரியாக மூங்கிலும் கீற்றும் வந்து இறங்கின. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொதிமாடுகளில் உப்பு கொண்டுபோன வணிகர்களைப் பற்றிய சரித்திரக் கதை என்றார்கள். படையெடுத்து வருகிற ஒரு ராஜாவின் சேனையை, மாட்டையும் காற்றையும் வைத்துக்கொண்டு அந்த வணிகர்கள் எதிர்க்கிறார்கள். கதாநாயகன் புதுமுகம். டைரக்டருக்கும் அது முதல் படம். தாடியும் மெலிந்த உடம்புமாக எந்நேரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவருக்கு ஒரு பிடிவாதம். எங்கள் கணவாய்க் காற்று படத்தில் அப்படியே கேட்க வேண்டும். பிறகு ஸ்டூடியோவில் போய் ‘உஸ்’ என்று சத்தம் சேர்க்கக் கூடாது. அதனால் வசனம் உட்பட எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பதிவு செய்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் மூலம்.

ஆடி பிறந்ததும் காற்று தன் வேலையைக் காட்டியது. அரண்மனையின் ஒரு பக்கச் சுவர் பறந்துபோய்ப் பக்கத்துத் தோப்பில் விழுந்தது. ராணியின் சவுரி தென்னை மட்டையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் ஆடியது. நாங்கள் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போவோம். போகும்போது நான் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவேன். அதைவிட நல்ல பொழுதுபோக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

பேசாமல் நிற்கும் வேஷம்

எங்கள் வீட்டுக்காரர் சினிமாப் பைத்தியம். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அப்படியே எல்லையைத் தாண்டிப் போய் மத்தியான ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். மாலைக் கறவைக்குள் வந்து சேர்ந்துவிட்டால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஒரு நாள் படப்பிடிப்பு இடத்தில் அவர் மீசையையும் உயரத்தையும் பார்த்துவிட்டு டைரக்டர் கூப்பிட்டாராம். ஊர்ப்பெரியவர் வேஷம் கொடுக்கிறேன், வசனம் கிடையாது என்றாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஏம்புள்ள சரசு, எதிரித் தளபதி ஊருக்குள்ள வர்றானாமா. எல்லாரும் ஓடிப்போயர்றாங்க. நா மட்டும் என்ற ஊட்டு வாசல்ல நிக்கறனாமா. அவன் எதுத்தாப்புல வந்து நின்னாலும் வாயத் தொறக்கக் கூடாதாமா. அந்த மவுனந்தான் வீரமுன்னு டைரக்டர் சொல்றாரு.”

“பேசாம நிக்கறதுதானுங்க? என்றகிட்ட தெனமும் அதத்தானுங்க பண்றீங்க. தனியாப் பழகோணுமாங்க?” என்றேன்.

அவர் காதில் எதுவும் விழவில்லை. அடுத்த பல நாட்கள் மாட்டுத்தொழுவத்தில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்று, எருமைகளை எதிரிப் படையாக நினைத்து முறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் எருமைகளின் குணத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டேன். அவை அசை போடுவதை நிறுத்தவே இல்லை.

எதிரித் தளபதியாக நடித்தவர் சுடலைமுத்து. இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. எஸ்டேட் கோயில் கொடைத் திருவிழாவில் நாடகம் போட்டுப் பெயர் வாங்கியவர் என்பதால் டைரக்டர் தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். ஆனால் குதிரையிலிருந்து இறங்கிவிட்டால் சாதுவான மனிதர். என் புளிச்சாதத்தை “மதினி, நல்லாருக்கு” என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஒரே ஒரு வீடு

அந்தக் காட்சியை எடுத்த சாயங்காலம் நானும் கூட்டத்தில் நின்றிருந்தேன்.

எரிப்பதற்காகக் கட்டிய கூரை வீடு ஒன்றுதான். தளபதி வாசலுக்கு வர வேண்டும். பெரியவரை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். உள்ளேயிருந்து ‘கொளுத்துங்கடா’ என்ற குரல் வந்ததும் வெளியே இருக்கிற வீரர்கள் கூரையில் தீ வைக்க வேண்டும். தீ வைத்துவிட்டால் மறுபடி எடுக்க முடியாது. வாடகைக் குதிரைகளும் அன்று இரவே திரும்பிப்போக வேண்டியவை. இதையெல்லாம் டைரக்டர் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார்.

குதிரைகள் வந்தன. ஒரே புழுதி. காற்று கீற்றுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சுடலைமுத்து குதிரையிலிருந்து குதித்து, தடித்த தோல்செருப்பு சரளையில் நெறிபட, வாளோடு வாசலை நோக்கி நடந்து வந்தார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எனக்கே பெருமையாக இருந்தது.

தளபதி வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றார். என் வீட்டுக்காரரின் கைகள் தானாக மேலே எழுந்து குவிந்தன. வாய் திறந்தது.

“வாங்க.”

கூட்டத்தில் யாரோ ‘அய்யோ’ என்றார்கள். அது நானாகக்கூட இருக்கலாம்.

அடுத்து நடந்ததை இன்னும் விசித்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். படிமேல் வைக்கத் தூக்கிய காலைச் சுடலைமுத்து கீழே இறக்கினார். குனிந்தார். செருப்பின் வாரை அவிழ்த்து, இரண்டையும் கழற்றிப் படிக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். வெறுங்காலோடு உள்ளே போனார். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும்தான். பிறகு அந்தக் குரல் வந்தது.

“கொளுத்துங்கடா.”

வீரர்கள் சொல்லிக்கொடுத்தபடி தீ வைத்துவிட்டார்கள். கூரை பற்றிக்கொண்டது. டைரக்டர் ‘கட்’ சொல்ல வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். சுடலைமுத்து வெளியே வந்து, பின்னால் வீடு எரிய, உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பொள்ளாச்சியில் முதல் ஆட்டம்

அதை எப்படியும் வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். டைரக்டரும் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

படம் வந்த அன்று ஒரு டெம்போ பேசி, சொந்தபந்தமெல்லாம் ஏறிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனோம். இவர் புது வேட்டி கட்டியிருந்தார். கூட்டம் பரவாயில்லை. காற்றும் மாடுகளும் நன்றாகத்தான் இருந்தன. கதாநாயகன் பொதிமாட்டின் மேல் உட்கார்ந்து பாடிய பாட்டுக்கு மட்டும் பாதிப் பேர் வெளியே போய்விட்டு வந்தார்கள். அதில் எனக்கும் வருத்தமில்லை. நானும் போனேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வெட்டவில்லை. இவர் முகம் திரை முழுக்க நின்றது. “வாங்க.”

தியேட்டரே வெடித்தது. பின்வரிசையில் ஒருத்தன் “காப்பித்தண்ணி வெக்கட்டுங்களா?” என்று கத்தினான். “சாப்புட்டுப்போட்டு அப்பறமாக் கொளுத்துங்க” என்றான் இன்னொருத்தன். தளபதி செருப்பைக் கழற்றியபோது விசில் காதைப் பிளந்தது. அதற்கு மேல் படத்தை யாரும் படமாகப் பார்க்கவில்லை. வாள் சண்டைக்கும் சிரித்தார்கள். கதாநாயகன் சாகும்போதுகூட ஒரு குரல் “வாங்க” என்றது.

டெம்போவில் திரும்பி வரும்போது இவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

படம் அடுத்த வாரமே போய்விட்டது. தமிழ்நாட்டில் அதை மலையாளத்தான் படம் என்றார்கள். கேரளத்தில் தமிழ்ப்படம் என்றார்கள். அந்த விஷயத்தில் மட்டும் அது எங்களை மாதிரியே இருந்தது. எதிரியை விருந்துக்கு அழைக்கிற வீரர்களின் கதை என்று ஒரு பத்திரிகை கிண்டலடித்தது. அந்த டைரக்டர் வேறு படமே எடுக்கவில்லை.

எழவு வீட்டைப் போல

ஊரில் இவருக்கு ‘வாங்க பழனிச்சாமி’ என்று பேர் நிலைத்துவிட்டது. டீக்கடையில், சொசைட்டியில், மாட்டுச் சந்தையில் எங்கே தலை தெரிந்தாலும் கையைக் கூப்பி “வாங்க” என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லைதான். ஆனால் தன்னால் ஒரு படமே கவிழ்ந்தது, அத்தனை பேர் உழைப்பு மண்ணாகிப்போனது என்று இவர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அவர் சினிமாவுக்குப் போவதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் அந்த வார்த்தையையும் நிறுத்திவிட்டார். யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார். நான் அழுதிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். “வாயத் தொறந்தா சிரிக்கறாங்க புள்ள” என்ற ஒரே பதில்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தாரணிக்கு ஒரு நல்ல வரன் வந்தது. அவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். இவர் தலையை ஆட்டினார். நான் ஓடிவந்து கத்தியது போதவில்லை. பொண்ணைப் பெற்றவர் சொல்ல வேண்டிய வார்த்தை அல்லவா? காப்பி தம்ளரைத் தொடாமலே எழுந்து போனார்கள். எழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது என்று தரகரிடம் சொன்னார்களாம்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் ராத்திரி அவர் தொழுவத்தில் தனியாக நின்று எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு என்ன சொல்லித் திட்டுவது?

மலையிலிருந்து ஒரு போன்

இப்போது கதை நிகழ்காலத்துக்கு வருகிறது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை எங்கிருந்தோ கண்டெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறான். பார்த்த பிள்ளைகள் இப்படி ஒரு படம் ஏன் ஓடவில்லை என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். கஞ்சிக்கோட்டில் தாரணியின் தோழி ஒருத்தி, சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டி “இந்த ஒரு சீனைப் பாருடி” என்றாளாம். இவள் பார்த்தால், அதில் இவளுடைய அப்பா.

அன்று மாலை அவள் போனோடு ஓடிவந்தாள். இவர் பார்க்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகு பாலக்காட்டிலிருந்து திரைப்பட ரசிகர்கள் சிலர் வீடு தேடி வந்தார்கள். இங்கே பக்கத்தில் சித்தூரில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போடுகிறோம், நீங்கள் வர வேண்டும் என்றார்கள். வழக்கம்போல இவர் தலையை ஆட்டினார். வர மாட்டேன் என்பதற்கும் அதே ஆட்டல்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். “மதினி, சொகமா இருக்கியளா?” என்ற குரல் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு இவர் பக்கத்தில் வைத்தேன்.

“அண்ணாச்சி, சுடலைமுத்து பேசுதேன். எனக்கும் சொல்லிவிட்டிருக்காங்க. மூட்டு வலி வேற, மலையெறங்குததே பெரும்பாடு. இருந்தாலும் வாரேன். நீங்க இல்லாம நான் மட்டும் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க நிக்க?”

போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னார். “அத்தாந்தொலவுல இருந்து ஒரு மனுசன் நம்மூருக்கு வர்றான். ஒருத்தரும் போய் நிக்காட்டி நல்லாருக்காது.”

சித்தூர் மண்டபத்தில்

மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் இளவட்டங்கள். தாடி வைத்த பையன்கள், தோளில் துணிப்பை மாட்டிய பெண்கள். பாதிப் பேருக்குத் தமிழே சரியாக வராது. இவர் கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். ஓடுவதற்குத் தோதான இடம். ஒரு பக்கம் சுடலைமுத்து, மறுபக்கம் நான். சுடலைமுத்துவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்குத்தான் நான் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தேன். குறைகள் இல்லாமல் இல்லை. கடைசி வாள் சண்டை இழுவையோ இழுவை. மாட்டின் மேல் உட்கார்ந்து பாடும் பாட்டு இன்னமும் அதே பாட்டுத்தான். ஆனால் அந்த உப்புப் பொதிகளும், காற்றை எதிர்த்துத் தலையைக் குனிந்து நடக்கிற மாடுகளும், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காமல் கையைக் காட்டிப் பேசிக்கொள்வதும் எங்கள் கணவாயேதான். இதை இத்தனை வருடம் தோற்ற படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

காட்சி நெருங்க நெருங்க இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். குதிரைகள் வந்தன. திரையில் கறுத்த மீசையோடு நின்ற மனிதர் கையைக் கூப்பினார்.

“வாங்க.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தளபதி செருப்பைக் கழற்றினார். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தபோது எனக்கு முன்னால் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கூரை எரிகிறபோது அந்தப் பெரியவர், கூப்பிய கையைக் கீழே இறக்க மறந்து அப்படியே நின்றிருந்தார். அதை நான் பொள்ளாச்சியில் கவனிக்கவே இல்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் எப்படிக் கவனிப்பது?

படம் முடிந்ததும் இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் காட்சியை அப்படித்தான் எழுதியிருந்தார்களா என்று ஒரு பெண் கேட்டாள். சுடலைமுத்து மைக்கை வாங்கினார்.

“எழுதலம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். செருப்புக் காலோட உள்ள போறதுதான் சீனு. ஆனா அண்ணாச்சி வாங்கன்னு கும்புட்டுட்டாவ. அதுக்குப் பொறவு செருப்போட எப்படி உள்ள போவேன்? என்னாலதான் படம் கெட்டுச்சுன்னு இம்புட்டு வருசமா நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். எஸ்டேட்ல பிள்ளையெல்லாம் என்னய ‘செருப்புத் தளபதி’ன்னுதான் கூப்புடும்.”

இவர் திரும்பி அவரைப் பார்த்தார். அந்த மனிதரும் மலையில் இதே பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மைக் இவர் கைக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நா பேசாம நிக்கோணும்னுதானுங்க நின்னேன். அவரு வாசப்படிகிட்ட வந்துட்டாரு. எழவு ஊட்டுலதானுங்க வாங்கன்னு சொல்லாம இருப்போம்.” மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். “அந்த ஊட்டுல அப்ப ஆரும் சாவலீங்களே.”

தமிழ் புரியாதவர்களுக்கு யாரோ மலையாளத்தில் சொன்னார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன்.

மறுபடியும் வாசல்

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதே என்பீர்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் வீடு திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கன்றுக்குட்டியைக் கட்டினாயா என்று. அடுத்த நாள் தேங்காய் வியாபாரி வந்தபோது பழையபடி தலையை ஆட்டினார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற தேதி முடிவானது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு காலையில் தாரணி என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அப்பா ஒரு வார்த்தை சொல்லீருவாருங்ளா?” என்று கேட்டாள்.

கரண்டியோடு ஓடக் கூடாது என்று மட்டும் முடிவுசெய்திருந்தேன். இந்த முறை அவராகச் சொல்லட்டும். இல்லாவிட்டால் நடக்கிறது நடக்கட்டும்.

மாப்பிள்ளையின் அப்பா வாசற்படிக்கு முன்னால் வந்தார். செருப்போடு நின்றார். அவர் மனைவி பூக்கூடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். தென்னை மட்டைகள் காற்றில் அடித்துக்கொண்டன.

இவருடைய கைகள் எழுந்து குவிந்தன.

“வாங்க.”

குரல் கரகரத்துத்தான் வந்தது. ஆனால் ஜன்னல்வரைக்கும் கேட்டது. தாரணி என் கையை இறுக்கினாள்.

மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றவில்லை. நெற்றியைச் சுருக்கி இவரையே பார்த்தார்.

“ஏனுங்க, உங்கள எங்கியோ பாத்திருக்கறனுங்க. இதே மாதிரி கையக் கூப்பி, இதே மாதிரி வாங்கன்னு...” சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. “ஒரு சினிமாவுலீங்க! உடுமலத் தியேட்டர்ல பாத்தனுங்க. சிரிச்சுச் சிரிச்சு...”

அவர் மனைவி முழங்கையால் இடித்தார். அவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் தரையைப் பார்த்தான். இத்தனை தூரம் வந்து கடைசியில் இதனாலா இந்த வரனும் கைவிட்டுப் போக வேண்டும்?

என் வீட்டுக்காரர் கூப்பிய கையை இறக்கவில்லை.

“அது நாந்தானுங்க,” என்றார். “ஊட்டக் கொளுத்த வந்தவனையே வாங்கன்னு கூப்புட்டவனுங்க நானு. பொண்ணுக் கேட்டு வந்திருக்கறீங்க, உங்களக் கூப்புட மாட்டனுங்களா? வாங்க. எல்லாரும் வாங்க. டிரைவர் தம்பி, நீயும் வா கண்ணு.”

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். அவர் மனைவி சிரித்தார். எனக்கு இருபது வருடமாகக் கேட்காத ஒரு சிரிப்பும் அதில் சேர்ந்து கேட்டது. அது என் வீட்டுக்காரருடையது.

வந்தவர் குனிந்து செருப்பைக் கழற்றி, படிக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் அடுப்படியில் இருந்த அரிசி டின்னின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தாரணி அடுப்பை அணைக்க ஓடினாள். வழிந்தால் வழியட்டும், விடு என்றேன்.